மேலிருந்து இறங்கும் அனுமதி

அலிப்பூர் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். கணக்குப் பிரிவில் இருந்த இன்னொருவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் என் மேஜைக்கு வந்து, கொஞ்ச நாளாக யாருமே தன்னோடு சண்டை போடுவதில்லை என்றார்.

கல்கத்தாவில் இது சாதாரண விஷயம் இல்லை. மீன் விலையில் தொடங்கி ஃபுட்பால் வரை எதற்கும் டீ ஆறும்வரை வாதாடுகிற ஊர் இது. அக்காவும் அதில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. இப்போதோ அவர் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டினார்களாம்.

அலுவலக ஆவணங்களைத் திறக்க யார் யாருக்கு அனுமதி என்று பார்த்துக்கொள்வது என் வேலை. தேடிப் பார்த்தேன். அவருடைய மருத்துவ விடுப்புக்காக யாரோ புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதைக் கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டருக்குள் வைத்திருந்தார்கள். மேலே உள்ளதைத் திறக்க முடிந்தவர்களுக்கு உள்ளே இருப்பதும் தானாகவே திறக்கும். தனியாக யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. மார்பில் இருந்த கட்டியைப் பற்றிய ரிப்போர்ட்டைப் பிரிவு முழுவதும் படித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

"படிச்சது படிச்சதுதான். நாளைக்கு அடுத்த ரிப்போர்ட் வருது. அதை யாரும் பாக்கக் கூடாது," என்றார் அக்கா.

அந்த ஃபோல்டரை மேலே உள்ளதிலிருந்து துண்டித்தேன். துண்டித்தாலும் ஏற்கெனவே அனுமதி இருந்தவர்களின் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி, விடுப்பைக் கவனிக்கும் அதிகாரியின் பெயர் மட்டும் இருந்தால் போதும். கடைசியாக என் பெயர் வந்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். "உன் பேர் இருக்கட்டும். அந்த அதிகாரிக்கு இது வெறும் ஃபைல். வீட்ல நான் இன்னும் சொல்லல. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்டி."

அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. திறந்து படித்தேன். நல்ல செய்தி இல்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். டீ நேரத்தில் அக்கா வந்து, இட்லிக்கு இங்கே கிடைக்கிற புழுங்கல் அரிசியே போதும் என்றார். போதாது என்றேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். டீ ஆறிப்போகும்வரை நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.