ஒரு தட்டு தட்டினால் பற்றவை

பேய்க்கதை பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. கேம்ப்பில் எவனாவது ஆரம்பித்தால், "போய்ப் படுடா, காலையில டூட்டி இருக்கு" என்று கத்திவிட்டு எழுந்து போகிறவன் நான். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வந்தாலும் அடக்கிக்கொள்வேன், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

துபாய்ப் பக்கம் புஜைராவில் ஒரு கராஜில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை எனக்கு. கூட்டாளி பாலா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், கூடப் பிறந்த தம்பி மாதிரிதான் என்னைப் பார்த்துக்கொண்டார். லேத்தில் சிக்கி என் வலது கை சுட்டுவிரல் பாதி போனபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

ஜூலை மாதம் ஒரு கேம்பர் வேன் வந்தது, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிற மாதிரி வண்டி. மலைப்பக்கம் கேட்பாரற்று நின்றதாம், ஏலத்தில் எடுத்தவருக்கு அதன் ஃபிரிட்ஜ் அன்று சாயங்காலமே ஓடியாக வேண்டுமாம். சிலிண்டர் கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ் அது. பின்னால் ஒரு சின்ன நெருப்பு எரிந்தால்தான் முன்னால் குளிரும், நம்பினால் நம்புங்கள். கேஸ் குமிழ் வேனுக்குள்ளே, நெருப்பு வைக்கிற இடம் வெளியே காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட மூடிக்குப் பின்னால், அதனால் ஒருவர் உள்ளே குமிழை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் வெளியே லைட்டரைக் காட்ட வேண்டும்.

கோடையில் மதியம் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டம், செக்கிங் வந்தால் தொலைந்தோம். முதலாளியோ "ஜல்தி, ஜல்தி" என்கிறார். திருட்டுத்தனமாகத்தான் செய்தோம். வேன் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் உள்ளே, காம்பவுண்ட் சுவருக்கும் வேனுக்கும் நடுவில் நான். சத்தம் போட்டுப் பேசவும் முடியாது.

"தம்பி, நான் ஒருக்கா தட்டினா பத்தவையும், ரெண்டு தரம் தட்டினா விட்டிடும்" என்றார்.

ஒரு தட்டு கேட்டது. லைட்டரை வைத்தேன், பற்றவில்லை. மறுபடி ஒரு தட்டு, மறுபடி வைத்தேன், இல்லை. தூசி அடைத்திருக்கும் என்று ஊதிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது, அதற்கடுத்தது, தகரமே பிளந்துவிடும்போல ஓங்கி ஓங்கி விழுந்தது. மனுஷனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, "வைக்கிறேன், பொறுங்கண்ணே" என்று எரிச்சலோடு லைட்டரைத் தூக்கினேன். அப்போது வேனுக்கு அடியிலிருந்து கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது.

லைட்டரை வீசி எறிந்து, வெளியே இருந்த சிலிண்டரை மூடிவிட்டுக் கதவுப் பக்கம் ஓடினேன். திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அண்ணன் மல்லாந்து கிடக்கிறார், கால் இரண்டும் உதறுகிறது, கண் பிதுங்குகிறது, கழுத்திலிருந்து எதையோ இரண்டு கையாலும் பிய்த்தெடுக்கப் பார்க்கிறார், அங்கே ஒன்றுமே இல்லை. ஃபிரிட்ஜ் கதவு தானாகத் திறந்து அவர் மண்டையில் அடிக்கிறது, திறக்கிறது, அடிக்கிறது, தரையெல்லாம் ரத்தம். அவர் கை இரண்டும் கழுத்தில் இருக்கிறது, ஆனால் வேன் தகரத்தில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. பற்றவை, பற்றவை என்று என்னிடம்தான் சொல்கிறது.

ஸ்பானரால் கண்ணாடியை நொறுக்கி, கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து, அவரை மண்ணில் இழுத்துப் போட்டேன். குமிழுக்குப் போகிற குழாயை யாரோ பிடுங்கிப் போட்டதுபோல் கேஸ் முழுக்க வேனுக்குள்ளே நிறைந்திருந்தது. ஒரு பொறி போதும். அண்ணனை நானே கொளுத்தியிருப்பேன்.

மூச்சு வந்ததும் அவர் என்னைப் பார்த்துத்தான் அலறினார்.

"கிட்ட வராதையும்! உம்மட கைதான் என்ர கழுத்தை நெரிச்சது! நான் ஒருக்காக்கூடத் தட்டேல்லை!"

அவர் கழுத்தில் விரல் தடங்கள் கன்றிப்போய்க் கிடந்தன. அதில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

கேஸ் மயக்கம் என்பீர்கள். மயக்கத்துக்கு என் விரலின் அளவு எப்படித் தெரியும்? நான் வெளியேதான் நின்றேன், உடைந்த கண்ணாடி முழுக்க உள்ளேதான் விழுந்து கிடந்தது, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைக்கிறேன். அண்ணன் விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்பக் கை நீட்டினேன், அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் அழுதேன்.

இப்போது ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் ஒன்று சொல்கிறான். தூக்கத்தில் என் வலது கை கட்டில் கம்பியைத் தட்டுகிறதாம். எத்தனை தரம் என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தட்டுதான்" என்றான்.