யோகப்பிரியா பற்றவைத்த சிவப்புக் கார்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிய முதல் வேகத்தடையிலேயே அந்தச் சிவப்புக் கார் மானத்தை வாங்கிவிட்டது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் கூரையை அறுத்தெடுத்து, திறந்த காராக மாற்றி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இரண்டு கதவுகளும் கவ்விக்கொண்டன. ஓட்டி வந்தவர் ஜோமோன், பள்ளிவாசலில் தங்கும் விடுதி நடத்துகிறவர். கதவுக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் அவரால் இறங்க முடிந்தது. ஆளும் கொஞ்சம் கனம். பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வடகரப்பதியில் யோகப்பிரியாவின் வெல்டிங் ஷெட்டுக்கு வழி சொன்னார்.

யோகப்பிரியாவுக்கு முப்பத்தாறு வயது. தேங்காய் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் செய்வதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரே சொல்லுவார், கூச்சமெல்லாம் படமாட்டார். கூச்சப்பட்டே பதினோரு வருஷத்தைத் தொலைத்தவர் அவர். ஒரு டிரெய்லர் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனவர், அளவு டேப் பிடித்து, வெல்டிங் ராடு பிடித்து, கடைசியில் முழு டிரெய்லரையும் தனியாகவே செய்தார். வாங்க வருகிறவர்களிடம் முதலாளி மட்டும், “நம்ம பையன் அடிச்சதுங்க” என்பார். ஒரு நாள் ஒரு விவசாயி டிரெய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டார். டீ டம்ளரோடு அந்தப் பக்கம் போன லாரி கிளீனரின் தோளில் கையைப் போட்டார் முதலாளி. கிளீனரும் வெட்கமில்லாமல் சிரித்தான். யோகப்பிரியா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அன்று மத்தியானமே வெளியே வந்துவிட்டார். இனி தன் வேலை தன் பேரில்தான் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் போகவே வேண்டாம். அந்த வைராக்கியத்தில் போட்டதுதான் இந்த ஷெட்.

ஷெட் வாசலில் அவர் கணவர் சென்னிமலை நின்றிருந்தார். ஜோமோன் நேராக அவரிடம் போனார்.

“அண்ணாச்சி, நீங்கதான மேஸ்திரி?”

“நான் தேங்காய் வண்டி ஓட்டறவனுங்க. மேஸ்திரி அதா, அடியில படுத்திருக்குது பாருங்க.”

டிரெய்லருக்கு அடியிலிருந்து யோகப்பிரியா எழுந்து வந்தார். ஜோமோனின் முகம் தொங்கியதை அவர் கவனிக்காமல் இல்லை.

“ஏம்மா, கதவை மட்டும் லேசா ராவிக் குடு, போதும். ஒம்பது நாள்ல என் தங்கச்சி கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் தேவிகுளம் மாதா கோயில்ல இருந்து இதுலதான் வரணும்.”

யோகப்பிரியா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, கதவுக்கும் பின்பக்க உடம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியின் குறுக்கே பசை தடவி ஒட்டினார். பிறகு முன் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினார். நாலு விரல் தூக்குவதற்குள் தாள் கிழிந்துவிட்டது.

“கதவுல ஒரு குத்தமும் இல்லீங்க. வண்டிதான் நடுவுல தொங்குது.”

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதுவரை சேர்த்துப் பிடித்திருந்தது அந்தக் கூரை. அதை அறுத்த புண்ணியவான்கள் அதற்கு ஈடாகக் கீழே ஒன்றும் வைக்கவில்லை. பேருக்கு இரண்டு தகடு வைத்திருந்தார்கள். அதையும் கார் தொங்கிக்கொண்டு நிற்கும்போதே பற்றவைத்து, அந்தத் தொங்கலை நிரந்தரமாக்கிவிட்டிருந்தார்கள்.

“அதெல்லாம் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்மா.”

“மலை வளைவுல வண்டி ரெண்டா மடங்குச்சுன்னா கல்யாணத்தோட எல்லாமே முடிஞ்சிருமுங்க. தொங்கற வண்டிக்குக் கதவ ராவி அனுப்பற வேல எனக்கு ஆகாது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

வேறு ஆளைப் பார்க்கத்தான் ஜோமோன் கிளம்பினார். கதவு திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார், முட்டியால் இடித்துப் பார்த்தார். சென்னிமலை ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, ஏறிக் குதிக்க வசதியாகக் கார் பக்கத்தில் போட்டார். ஜோமோன் அதில் உட்கார்ந்துவிட்டார். “சரி, செய்” என்றார்.

காரை நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார் யோகப்பிரியா. கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூலைக்கு மூலை அளந்து, அளவு மாறாமல் இருக்கக் குறுக்கே ஒரு பைப்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பைப் பிளந்து, உள்ளே நீளமாகச் சதுரக் குழாய் இறக்கினார். இருக்கைக்குப் பின்னால் தரையோடு குறுக்குச் சட்டம் கொடுத்தார். சூடு ஒரு பக்கமாக இழுத்துவிடாமல், இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் கதவுகளை மாட்டினால், இரண்டும் மூட மறுத்தன.

தப்பு எங்கே என்று யோகப்பிரியாவுக்கு உடனே புரிந்துவிட்டது. டிரெய்லர் செய்கிறவர்கள் சட்டத்தின் நடுவை ஒரு விரல் கனத்துக்கு மேலே தூக்கிவைத்துத்தான் பற்றவைப்பார்கள். தேங்காய் ஏறியதும் அது அமுங்கி நேராகிவிடும். கை அந்தப் பழக்கத்தில் காருக்கும் அப்படியே செய்துவிட்டது. ஜோமோனும் சென்னிமலையும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். கார் அசையவில்லை. பக்கத்துக் களத்திலிருந்து நாலு மூட்டை கொப்பரையும் ஏற்றினார்கள். அப்போதும் அசையவில்லை. இரும்பு அவ்வளவு கெட்டி, அளவுதான் கோணல்.

“இப்ப கதவோட கீலை மாத்தி வச்சா மூடிக்கிடும்லா?” என்று ஜோமோனே வழி சொன்னார். அதுவும் உண்மைதான். கீலை மாற்றினால் கதவு மூடும், யாருக்கும் தெரியாது. இப்படி மூடி மறைத்ததற்காகத்தானே கோயம்புத்தூர்க்காரர்களை நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார். யோகப்பிரியாவுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

“தப்பு என்னுதுங்க. தேங்கா வண்டின்னு நெனச்சுக் கை போயிருச்சு. பிரிச்சு மறுபடி செய்யறேன்.”

“நாலு நாள்தான் இருக்கு!”

“மூணு நாள் போதுமுங்க.”

தான் வைத்ததைத் தானே அறுத்தார். மறுபடி அளந்தார், மறுபடி பற்றவைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் காரைக் களத்துக்கு ஓட்டிப் போய், ஒரு சக்கரத்தை வரப்பு மேல் ஏற்றி, காரைச் சாய்த்து நிறுத்தினார்கள். யோகப்பிரியா கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளினார். டக்கென்று மூடியது. ஜோமோன் இரண்டு கதவையும் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பேச்சு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா சூசையப்பன் பாலக்காட்டிலிருந்து போன் பண்ணி, கார் என்னாச்சு என்று ஜோமோனிடம் கேட்டார்.

“எல்லாம் சரியாயிட்டு, மாமா. கோயம்புத்தூர்ல பெரிய ஒர்க்‌ஷாப்பு. எஞ்சினியருங்க நின்னு செஞ்சாங்க.”

யோகப்பிரியா கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கிரைண்டரின் பிளக்கைச் சொருகினார்.

“என்னம்மா செய்ற?”

“நான் வெச்ச இரும்ப நான் அறுத்து எடுத்துக்கறனுங்க. எஞ்சினியருக வெச்சது உங்க வண்டியிலயே இருக்கட்டும்.”

ஜோமோன் சிரித்தார். சென்னிமலை ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து காருக்கு அடியில் வைத்தார். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் ஜோமோனின் சிரிப்பு நின்றது.

“நாளைக்குக் கல்யாணம்மா!”

“தெரியுமுங்க.”

ஜோமோன் அவர் முகத்தைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார், போனை எடுத்தார்.

“மாமா, முன்ன சொன்னது பொய். கோயம்புத்தூர் இல்ல, வடகரப்பதி. யோகப்பிரியான்னு ஒரு பொம்பள. ஆமா, டிரெய்லர் செய்றவதான். முழுக்க அவதான் செஞ்சா.”

கிரைண்டர் நிற்கவில்லை. யோகப்பிரியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“‘செஞ்சா’ இல்லீங்க,” என்றார். “‘செஞ்சாங்க’.”