விசிலின் விரல்

அப்பா பேருந்து ஓட்டுநர். சாப்பிட உட்கார்ந்தால்கூட அவருடைய இடது கை கியரைத் தேடும். அவருக்குச் சர்க்கரை இருப்பது போன வருடம் டிப்போ பரிசோதனையில் தெரிந்தது. அடுத்த பரிசோதனைக்குள் குறையாவிட்டால் வண்டியை விட்டு இறக்கி, ஷெட்டில் உட்கார வைத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, குடும்பத்தில் ஒரு பட்டதாரி இருந்தான். எங்கள் வம்சத்துக்கே முதல் பட்டம்; அதுவும் புள்ளியியல். வேலை பார்க்கும் நகரத்திலிருந்து ஊருக்குச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கி அனுப்பினேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் சோதித்து, எண்ணும் விரலும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டேன். விரலைக் கேட்டது, யாரும் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. படித்தவன் முன்யோசனை.

முதல் சில வாரங்கள் எண்கள் மோசமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்பாவுக்குப் போன் செய்து கத்தினேன். அடுத்து அம்மாவுக்கு, அக்காவுக்கு, மாமாவுக்கு. எல்லோரும் அவரவர் பங்குக்கு அப்பாவைத் திட்டினார்கள். பலன் உடனே தெரிந்தது. எண்கள் மடமடவென்று இறங்கின. நான் வரைபடம் போட்டு அலுவலகத்தில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியபோது, "இதெல்லாம் சாதாரண ஏற்ற இறக்கம்" என்று குடும்பத்துக்கு வகுப்பெடுத்தேன்.

ஒரு நாள் இருநூற்று எண்பத்தாறு வந்தது.

"என்னப்பா இது? வண்டி ஓட்டணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

போன் கைமாறியது. பேசியது, அப்பா ஓட்டும் பேருந்தின் கண்டக்டர். ஊர் முழுக்க அவருக்கு 'விசில்' என்றுதான் பெயர். அன்று குரலில் காற்றே இல்லை.

"தம்பி, அது என் ரத்தமா இருந்தா நான் என்ன பண்ணணும்?"

"என்ன சொல்றீங்க?"

"அண்ணன் திட்டு வாங்குறதப் பாக்க மனசு கேக்கல. நாந்தான் கொஞ்ச நாளா விரலக் குடுத்துட்டிருந்தேன். ஊசியெல்லாம் புதுசுதான் தம்பி."

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். எண்கள் இறங்கிய நாளிலிருந்து எல்லாப் படத்திலும் விரலில் ஒரு மோதிரம். ஸ்டியரிங்கில் இடிக்கும் என்று கல்யாண மோதிரத்தையே கழற்றி வைத்துவிட்டவர் அப்பா. புள்ளிவிவரத்தை முழுங்கிவிட்டு விரலைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

அப்பா போனை வாங்கினார். "நெசத்த அனுப்புனா ஊரையே கூட்டுற. பொய்ய அனுப்புனா 'சூப்பர்'ங்கிற. மனுசன் எத அனுப்புவான்?"

"இனிமே எனக்கு அனுப்ப வேண்டாம்பா" என்று மட்டும் சொன்னேன்.

விசிலை டாக்டரிடம் இழுத்துப்போனது அப்பாதான். அதன் பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் வண்டி எடுக்கும் முன் இருவரும் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடக்கிறார்களாம்.

"மாத்திரையப் போடுய்யா, கிளம்பலாம்" என்பாராம் அப்பா.

"நீங்க மொதல்ல முழுங்குங்கண்ணே. போன தடவ நாக்குக்கு அடியில வெச்சிருந்தது எனக்குத் தெரியாதா? நீங்க முழுங்காம நான் விசில் அடிக்க மாட்டேன்."

விசில் அடிக்காமல் வண்டி நகராது. பயணிகள் வேறு, "அண்ணே, சீக்கிரம் முழுங்குங்க, ஆபீசுக்கு லேட்டாகுது" என்று கத்துவார்களாம். அம்மாவும் இரண்டு பேருக்கும் சேர்த்தே, சர்க்கரை போடாத டீயைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்து விடுகிறாள்.

பரிசோதனை நாளன்று விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் முடிவைப் பார்த்து, "பரவாயில்லையே! தாராளமா வண்டி ஓட்டுங்க. கூட இருந்து யார் பாத்துக்கிறாங்க?" என்றார்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அப்பா கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே பெஞ்சில் விசில், என்ன சொல்வார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அதற்காக என் படிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. மீட்டருக்கு பேட்டரி மாற்ற இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.