பேய்ப்பட இசை கேட்டவர்

விழுப்புரத்தில் ஏறி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் குண்டான மனிதர். மருதாணி பூசிய தாடி, அத்தர் வாசனை. ஏசி பேருந்து என்பதால் ஜன்னலைத் திறக்க வழியில்லை. விடுமுறை நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. நின்றால் அவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், நகர்ந்தால் கழற்றிவிடுவார்.

“என்ன பாட்டு பாய்?” என்றேன்.

“பாட்டு இல்லீங்க. ஜெர்மன்காரனுங்க ஒரு பேய்ப் படத்துக்குப் போட்ட மியூசிக்கு.”

என் காதில் வைத்தார். மெட்டே இல்லை. சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடுவது போல ஓர் உறுமல். அதற்குள் யாரோ இரும்பை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள். வந்து சேரவே இல்லை. ஹெட்போனைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன்.

“வண்டி மாட்டிக்கினு நிக்கும்போது இதையா கேப்பீங்க?”

“துபாய்ல ஒரு தபா லிஃப்டுல தனியா மாட்டிக்கினேங்க. கரண்ட் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. அதாங்க பேஜாரு. இதுல யாரோ வர்றாப்பல இருக்குதில்ல?”

திண்டிவனத்தில் அவர் இறங்கிப் போனார். ஊரைத் தாண்டியதும் வண்டி மறுபடி நின்றது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். ஏசி நின்றது, கொஞ்ச நேரத்தில் பேச்சும் நின்றது. திறக்காத கண்ணாடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பேயாவது வந்து தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.