அப்பாவின் வீட்டுக்கு அக்கா வாங்கிய ஸ்டே

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். எழுத உட்காருவேன், எழுந்து அடுப்பைப் பார்ப்பேன். மறுபடி உட்காருவேன், துணி மடிக்கப் போய்விடுவேன். இது அக்காவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட நோய். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

அக்கா பிறந்தது அரக்கோணத்தில். அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் கைக்குழந்தையாகப் பூனாவுக்கு வந்தார். கோர்படி ரயில்வே காலனியில்தான் வளர்ந்தோம். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அதன்பின் எனக்கு ஜடை பின்னியவர் அக்கா. அதையும் நடந்துகொண்டேதான் பின்னுவார். நானும் முன்னால் நடக்க வேண்டும். என் வகிடு என்றைக்காவது நேராக இருந்ததா என்று பழைய படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சட்டம் படித்துத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கினார். எடுத்துக்கொண்டது நில வழக்கு. "பொம்பளைப் பிள்ளைக்குக் குடும்ப வழக்கு போதாதா?" என்று காலனியில் கேட்டார்கள். "குடும்ப வழக்குன்னா எல்லாரும் அழுவாங்க. நிலம் அழாது" என்றார் அக்கா. கல்யாணப் பேச்சு வந்தால், அன்றைக்குக் கோர்ட்டில் தேதி இருக்கிறது என்பார். அப்பாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நிலத்தைச் சுற்றி ஒருமுறை காலால் நடக்காமல் வக்காலத்து வாங்க மாட்டார். கட்சிக்காரரையும் கூடவே நடக்க வைப்பார். எல்லைக் கல் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாம் பார்ப்பார். புடவையெல்லாம் முள், செருப்பெல்லாம் சேறு. "பேப்பர்ல வயல்னு போட்டிருக்கு. அங்க போனா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வருவார்.

இந்தப் பழக்கம் விசேஷங்களிலும் விடாது. பெரியப்பா மகனின் கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் பால் காய்ச்சிக்கொண்டிருக்க, அக்கா கட்டிடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "அண்ணா, உங்க காம்பவுண்ட் சுவர் ரோட்டுல நிக்குது" என்றார். அதற்குப் பிறகு புது வீடு கட்டியவர்கள் எல்லாம் அக்காவை மறுநாள்தான் கூப்பிட்டார்கள்.

அப்பா ஓய்வு பெறும் நேரம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாழ்நாள் முழுக்க அரசாங்க வீட்டில் இருந்த மனிதருக்குச் சொந்தக் கதவில் பெயர்ப்பலகை மாட்ட ஆசை. காலனியில் இருந்த தமிழ்க் குடும்பத்தார் சிலர் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கட்டிடத்தில் அக்கம் பக்கமாக இருக்கலாம் என்று ஏரவாடா பக்கம் ஒரு பில்டரிடம் ஃபிளாட் புக் செய்தார்கள். அப்பாவும் தன் பி.எஃப். பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். நில வழக்கறிஞர் இருக்கும் வீட்டில், அந்த நில வழக்கறிஞரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவகிட்ட சொன்னா நடந்து பாத்துட்டு வந்து ஏதாவது ஓட்டை சொல்லுவா. அவ சரின்னு சொல்ற நிலம் இந்த ஊர்லயே கிடையாது" என்றார் அப்பா. இப்படி ஒரு கூத்து நம்மவர்கள் வீட்டில்தான் நடக்கும்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரவாடாவில் ஒரு குடிசைப் பகுதியிலிருந்து சாந்தாபாய் என்ற அம்மாள் அக்காவைத் தேடி வந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர். பில்டரின் ஆட்கள் வந்து, ரோடு போட வேண்டும், வீடுகளைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் இடிப்போம் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நோட்டீசும் இல்லை, மாற்று இடமும் இல்லை. அக்கா வழக்கம்போல நடந்து பார்க்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். குடிசைகளைத் தாண்டியதும் காலி மனை. அதில் புதுக் கட்டிடத்தின் படம் போட்ட பெரிய பலகை. பெயரைப் படித்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, இதுலதான் அப்பா புக் பண்ணியிருக்கார்" என்றேன்.

அக்கா பலகையைப் பார்த்தார், குடிசைகளைப் பார்த்தார். அந்தக் கட்டிடத்துக்குப் போக வேறு வழியே இல்லை. சாந்தாபாயின் வீட்டு வாசலில்தான் ரோடு வந்தாக வேண்டும். அக்கா அந்த அம்மாளிடம் இந்தியில் ஒளிக்காமல் சொன்னார்: "இதில் என் அப்பாவும் வீடு வாங்கியிருக்கிறார். உங்களுக்கு வேறு வக்கீல் வேண்டுமானால் நானே நல்ல ஆளாகப் பார்த்துத் தருகிறேன்."

சாந்தாபாய் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நீங்கள் ஜெயித்தால் உங்கள் பாபாவின் வீடு போய்விடுமா?" என்று கேட்டார்.

"போய்விடும்."

"அப்படியும் வருவீர்களா?"

"முதலில் மிச்ச எல்லையையும் நடந்து முடிப்போம், வாங்க" என்றார் அக்கா.

அந்த வாரமே இடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டார். அன்று மாலை அப்பா அக்காவிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஊர்ல வேற வக்கீலே இல்லையா?"

"இருக்காங்கப்பா. ஆனா நான் போய்ப் பாத்துட்டேனே" என்றார் அக்கா.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். காலனிக்காரர்கள் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்கள். கொலு வந்தது, பொங்கல் வந்தது, யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் உள்ள குடிசைகளெல்லாம் நிற்க வேண்டும், என் அப்பாவுக்கு மட்டும் வீடு கூடாதா என்று சண்டை போட்டேன். அக்கா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. தேதி தள்ளிப்போன நாட்களில் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். நாங்கள் கோர்படியிலேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம்.

கடைசியில் பில்டர் சமாதானத்துக்கு வந்தார். கட்டிடத் திட்டத்தைக் கைவிட்டு, மனையின் முன்மூலையைக் குடிசைவாசிகளுக்கு விட்டுக்கொடுத்தார். புக் செய்தவர்களுக்குக் கட்டிய பணம் திரும்பி வந்தது. அதற்குள் ஐ.டி. கம்பெனிகள் வந்து பூனாவின் விலைவாசி எங்கோ போய்விட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு குளியலறைகூட வந்திருக்காது.

ஒருநாள் அப்பா தானாகவே அக்காவிடம், "நம்ம வீடு எங்க வந்திருக்கும்? காட்டு" என்றார். மூவரும் ஆட்டோவில் போனோம். அக்கா முன்மூலையில் போய் நின்று, "இங்கதாம்ப்பா. தரைத்தளம். இது ஹால்" என்றார். அப்பா அந்த இடத்தில் நாலு பக்கமும் நடந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக அக்காவோடு சேர்ந்து ஒரு நிலத்தை நடந்து பார்த்தார். "ஹால் பெரிசுதான். வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேர் உக்காரலாம்" என்றார். சாந்தாபாய் டீ கொண்டுவந்து கொடுத்தார், அப்பா குடித்தார். அடுத்த வருடம் அப்பா அந்த வாடகை வீட்டில் காலமானார். அவரை ஒரு சொந்த வீட்டில் கண் மூட வைக்க முடியவில்லையே என்ற வருத்தம் அக்காவுக்குக் கடைசிவரை இருந்தது. என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

பிறகு அக்காவின் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் நாற்காலியில் மணிக்கணக்காக அசையாமல் இருக்க வைத்ததுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய தண்டனை. "எழுந்து நடக்கட்டுமா?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அக்காவின் உயிர் பிரிந்த அன்று, வாடகை வீட்டுக்காரர் போனில் தயங்கித் தயங்கி, உடலை அங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அங்கே நின்றிருந்த சாந்தாபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கே போவது என்று என்ன யோசனை? வீட்டுக்கு வாருங்கள்" என்றார்.

மனையின் முன்மூலையில் குடிசைவாசிகள் பொதுக் கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். சமாஜ மந்திர் என்பார்கள். அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். பழைய காலனித் தமிழ்க் குடும்பத்தாரும் வந்தார்கள். அக்காவோடு பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் அந்தக் குடிசைப் பகுதிப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், அவருடைய வழக்குகளைத் தொடர்ந்து நடத்தும் ஜூனியர்களுக்கும், தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. சாந்தாபாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த மலரை எடுத்துக்கொண்டு நானே போய்ப் படித்துச் சொல்வேன். அன்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் உட்கார இடம் இருந்தது. அப்பா சொன்னது சரிதான், ஹால் பெரிசுதான்.