பின்பாரம்

தகர மேஸ்திரி ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காருவதற்குள் எழுந்துவிடுவார். அடிபட்ட லாரிகளை அடித்து நிமிர்த்தும் பட்டறை அவருடையது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பார்கள். தப்பு. பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது. அதனால் என்ன குறைந்துபோயிற்று? சொந்தப் பட்டறை, மாடி வீடு, படித்த மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படகு. ஏதோ ஓட்டைத் தோணி என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கக் கேபின் வைத்த, பெட்ரோல் எஞ்சின் படகு. யாரோ பணக்காரர் பாறையில் மோதி, தலைமுழுகிவிட்டுப் போனது. பழைய சாமான் கடை வாசலில் கிடந்ததைத் தூக்கிவந்து மேஸ்திரி உயிர் கொடுத்தார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் பறந்தால் துறையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதானே!

அந்தப் படகுதான் அவர் வாயைக் கிளறிவிட்டது.

ஒரே மகளைக் கடலுக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் தையல் கடை திறக்கப் போகிறாள். அப்பாவின் பங்காக, இரும்புக் கால் வைத்த கனமான தையல் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஜவுளி வியாபாரி. சரக்கு எடுக்க இக்கரைக்கு வந்தவர் பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, கடை திறப்புக்கு முந்தின நாள் நான் கப்பல்ல திரும்புறேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் எடுத்துடட்டுமா?"

"எதுக்கு? நான் என் படகுல வரேன்."

"அந்தப் படகுலயா? கரையோரம் சுத்துறதுக்கு நல்ல படகுதான். நடுக்கடல்ல பெட்ரோல் பங்க் இல்லையே சம்பந்தி."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "அதே நாள், அதே நேரம் கிளம்புறேன். உங்க கப்பல் அக்கரை சேரும்போது நான் உங்க வீட்டுல காபி குடிச்சு முடிச்சிருப்பேன்."

சொல்லியாயிற்று. பட்டறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தாயிற்று. அன்று முதல் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்கு ஓடுவார்; எதிர்க் கட்டடத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார்; இறங்கி வந்து ரேடியோவில் காற்று நிலவரம் கேட்பார்; அது சொன்னதை நம்பாமல் மறுபடி மாடிக்கு ஓடுவார். சோற்றில் கை இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடுங்களேன்" என்பாள் மனைவி. "கொடி எங்கயும் போயிடாது."

தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய் வெள்ளோட்டம் பார்த்தார். டாங்கில் அளவுக்குச்சியை விட்டு, எவ்வளவு ஓடினால் எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்து, பட்டறையில் நின்ற லாரிக் கதவில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். அக்கரையைத் தொடும்போது டாங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். காற்று திரும்பினால், வழி தவறினால் உயிரைக் காப்பது அந்தப் பங்குதான். கணக்கு கச்சிதமாக வந்தது. மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவியின் தம்பி டீசல் எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகுக்காரன். கதவைப் படித்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, இது வெறும் படகுக் கணக்கு. மெஷின், சாமான், அக்கா, இதெல்லாம் ஏறினா?"

"நான் பாக்காத பாரமா மச்சான்? மலையில ஏறுற லாரிக்கே பாரம் சொல்லிக் கொடுத்தவன் நான். சந்தேகமா இருந்தா கேன்ல கூடக் கொஞ்சம் பெட்ரோல் ஏத்திக்கிட்டாப் போச்சு."

"ஏத்துங்க. ஆனா டீசல் மாதிரி தூங்குற சாதி இல்ல அது. ஆவி அடியில போய்ப் படுத்துக்கும். எஞ்சின் அறைக் காத்தாடியப் போட்டு அத வெளிய தள்ளாம சாவியத் திருகினீங்க, அக்கரை என்ன, அதுக்கும் மேல போய்ச் சேந்துடுவீங்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றாள் அக்கா. கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, எல்லாத்தையும் ஏத்தி, என்னையும் ஏத்தி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம்தான் நான் வருவேன்."

ஏற்றினார்கள். லாரியில் பழகிய கை அல்லவா? கனம் என்றால் பின்சக்கரத்துக்கு மேலே என்பதுதான் மேஸ்திரிக்குத் தெரிந்த சட்டம். மெஷினைப் பின்னால் வைத்தார். பெட்ரோல் கேன்களைப் பின்னால் கட்டினார். மனைவிக்கும் பின்னாலேயே ஒரு மெத்தை போட்டார். காத்தாடி ஓடியது, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

படகு எழும்பவே இல்லை. பின்புறம் தண்ணீரில் அமுங்க, மூக்கு வானத்தைப் பார்த்தது. உழவு மாட்டைப்போலக் கடலைக் கிழித்துக்கொண்டு முக்கியது. மேஸ்திரி ஆக்சிலேட்டரைத் தள்ளினார். எஞ்சின் கத்தியதே தவிர வேகம் வரவில்லை. குச்சியை விட்டுப் பார்த்தார். வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு குடித்திருந்தது.

"கார்புரேட்டர் சரியில்ல" என்றார்.

மறுநாள் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டி, இன்னொரு கேனையும் பின்னால் ஏற்றினார். படகு இன்னும் அமுங்கியது, இன்னும் குடித்தது. பெட்ரோல் கூடக்கூட அக்கரை தள்ளிப்போனது. அவர் திட்டிய திட்டில் கடற்பறவைகள் கலைந்தன.

"முன்னாடி ஒண்ணுமே தெரியல, வானம்தான் தெரியுது" என்று மனைவி எழுந்து முன்பக்கம் போனாள். மூக்கு லேசாகத் தாழ்ந்தது. மேஸ்திரி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"திரும்பி வா!"

வந்தாள். மூக்கு ஏறியது.

"மறுபடி போ!"

போனாள். தாழ்ந்தது.

"நான் என்ன அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்று முறைத்தாள்.

அன்றைக்கே மெஷினைக் கேபினின் முன்மூலைக்கு நகர்த்தினார். கேன்களை உள்ளே வைத்தால் ஆபத்து என்பதால், வெளியே கேபின் சுவரோடு சேர்த்துக் கட்டினார். படகு நேராக உட்கார்ந்தது. ஆனாலும் அத்தனை பாரத்தோடு பறக்க அதனால் முடியவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். மூக்குக்கு முன்னால் குவிந்த அலை கரைந்து, எஞ்சின் முணுமுணுக்கிற அளவுக்கு வந்ததும் குச்சியை விட்டார். குச்சியில் ஈரக் கோடு முன்போல இறங்கவில்லை. இப்படியே ஊர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சத்தோடு அக்கரையைத் தொடலாம். ஆனால் கப்பல் முந்திவிடும்.

அதற்கப்புறம் பட்டறையில் ஒரு தகரமும் ஒழுங்காக நிமிரவில்லை. மெஷினை மட்டும் கப்பலில் அனுப்பிவிட்டால்? சம்பந்தியிடம் அல்லவா கேட்க வேண்டும்! மனைவியையும் விட்டுவிட்டுப் போனால்? அதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தார்.

"போங்க. பொண்ணு அம்மா எங்கன்னு கேட்டா, பந்தயத்துக்குக் கனமா இருந்தா, இறக்கி விட்டுட்டேன்னு சொல்லுங்க."

மேஸ்திரி லாரிக் கதவிலிருந்த பழைய கணக்கைத் துணியால் துடைத்தார்.

குறித்த நாளில் கொடி துவண்டு கிடந்தது. வெளிச்சம் வந்ததும், கப்பல் புறப்படும் நேரத்திலேயே கிளம்பினார்கள். கப்பல் ஆழமான தடம் பார்த்துச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மேஸ்திரிக்குக் குறுக்கு வழி. கொஞ்ச நேரத்தில் கரை மறைந்தது. சுற்றிலும் தண்ணீர். அவர் கை ஆக்சிலேட்டரை விட்டு நகரவில்லை.

உச்சி வெயிலில் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்து, பெருத்து, கப்பலாகிப் பக்கத்தில் வந்தது. மேல்தட்டில் ஜவுளிக்காரர். துண்டை எடுத்துச் சுற்றிச் சுற்றி வீசினார்.

"கை அரிக்குதா?" என்றாள் மனைவி.

"அரிக்குது."

"அரிக்கட்டும்."

கப்பல் கிளப்பிய அலை உருண்டு வந்தது. மேஸ்திரி படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினார். ஏறியது, இறங்கியது. மெஷின் அசையவில்லை. கப்பல் சிறுத்துப் போய்விட்டது. அவர் டாங்கில் குச்சியை விட்டு எடுத்தார். பாதிக் கடலுக்கு மேல் கடந்தும் பாதிக் குச்சிக்கு மேல் ஈரம் மின்னியது. அதை வாளைப்போல உயர்த்திப் பிடித்து, கேட்காது என்று தெரிந்தும் கத்தினார்:

"சம்பந்தி! காபிய ஆற விட்டுடாதீங்க!"