ஒரே அடுப்பில் ரோமாபுரி

எங்கள் வீட்டில் ரோமாபுரி ஆட்சி சரியாக ஒரு வாரம் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிறந்தது; அடுத்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

ராஸ் அல் கைமாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. ஒரு அறையில் அப்பா, அம்மா, நான். இன்னொரு அறையில் கோயமுத்தூர் அங்கிளும் ஆன்ட்டியும். ஷேரிங் என்று இதற்குப் பெயர். குடும்பத்தோடு இருக்க ஆசைப்பட்டு, தனி வீட்டுக்குக் கை எட்டாதவர்கள் வளைகுடாவில் செய்துகொள்கிற ஏற்பாடு. ஹாலைப் பங்கு போடலாம், நேரம் குறித்துக் குளியலறையைக்கூடப் பங்கு போடலாம். அடுப்பு மட்டும் பங்குக்கு அடங்காது. "புருசனக்கூடப் பங்கு போட்டுருவேன், கரண்டியப் போட மாட்டேன்" என்று அம்மா சொல்வாள். அப்பா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி பேப்பரைத் திருப்புவார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். ஆன்ட்டி சுத்த சைவம். ஒரு நாள் பெரிய பர்னரில் அம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சின்ன பர்னரில் ஆன்ட்டியின் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி வந்தாள், பாலை மோந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரத்தோடு சிங்க்கில் கவிழ்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். திட்டாததுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. நடுவில் நான்தான் தபால்காரி. "உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு, குக்கர் இறங்கிருச்சுன்னு." அம்மா அரை முழ தூரத்தில் நின்று, "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பாள்.

மூன்று வாரம் இப்படிப் போனதும் அங்கிள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு அறையைப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் போய்விட்டால் அந்த வீட்டு வாடகையை அப்பா ஒருவரால் தாங்க முடியாது. அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அப்பா டைல்ஸ் கம்பெனி கேம்ப்பில் ஒரு கட்டில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்பா போனில் யாரிடமோ தணிந்த குரலில் இதைச் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கு ஊர் என்றால் இரண்டு மாத லீவு, உப்புப்போட்ட மாங்காய், யாரும் படி என்று சொல்லாத வீடு. அதனால் நான் உள்ளுக்குள் ஊர்க் கட்சியில்தான் இருந்தேன்.

அந்த வாரம் அம்மா மளிகைக் கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, மடக்கி, எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க நிறுத்தினாள். எனக்குக் கண் அதன் மேலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு எங்கள் வகுப்புக்கு ரோமாபுரி வந்திருந்தது. என் பங்கு ரோமாபுரி வீடு: நடுவில் கூரை திறந்த முற்றம், மழைத் தண்ணீர் விழக் கீழே ஒரு தொட்டி, சுற்றிலும் தூண்கள். அந்தப் பெட்டி கிடைத்தால் தூணெல்லாம் ஒரே சீராக வரும். கேட்டேன். "அதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மாமா அம்மாவின் தம்பி. கல்குவாரியில் வேலை, கேம்ப்பில் ஒரு அறைக்கு ஏழு பேர். வாரத்தில் ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிடுவார். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், அச்சடித்த எதையும் விடமாட்டார். வடை சுற்றிவந்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துப் படிப்பார். டீச்சர் கொடுத்திருந்த ரோமாபுரித் தாள்கள் இங்கிலீஷில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

நான் சொன்னேன். ராஜாவே வேண்டாம் என்று விரட்டிவிட்டார்கள். பதிலுக்குக் கான்சல் என்று இரண்டு பேர். இருவருக்கும் சம அதிகாரம், மாறி மாறி முறை. ஒருவர் செய்வதை மற்றவர் 'கூடாது' என்று ஒரே சொல்லில் நிறுத்திவிடலாம். கான்சலுக்கு முன்னால் ஆட்கள் குச்சிக்கட்டு சுமந்து போவார்கள்; அதைப் பார்த்தால் ஜனங்கள் வழி விடவேண்டும்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். "மருமவளே, இது நம்ம அடுப்படிக்குன்னே செஞ்ச சட்டம்லா."

அன்று சாயங்காலமே ஹாலில் சபை கூடியது. அம்மா ஒரு கான்சல், ஆன்ட்டி ஒரு கான்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. இரண்டு கரண்டியையும் தோசைத்திருப்பியையும் ரப்பர் பேண்டால் கட்டி, யார் முறையோ அவர் கதவுக் கைப்பிடியில் தொங்கவிடுவது. ஒருவர் ஏற்றிய பர்னரை மற்றவர் தொடக்கூடாது. பிடிக்காத சமையலை 'கூடாது' என்று நிறுத்தலாம்; ஆனால் அந்தச் சொல்லை நேருக்கு நேர், வாயைத் திறந்து சொல்லவேண்டும், என் மூலமாகச் சொல்லக்கூடாது. மாமாவின் சூட்சுமம் இந்தக் கடைசி விதியில்தான் இருந்தது. எனக்கு அது வேலைநீக்கமாகத்தான் பட்டது.

மாமா தன்னை ட்ரிப்யூன் என்று அறிவித்துக்கொண்டார். ட்ரிப்யூன் என்பவர் எளிய ஜனங்களின் ஆள். அவர் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. "ஏழு பேர் படுக்கிற ரூம்ல இருந்து வாரேன், என்ன விட எளிய ஜனம் யாரு?" என்றார்.

"படுத்துக்கொண்டே சாப்பிடுவார்களாம்" என்று அடுத்த தாளைப் படித்தேன். அப்பா படுத்தபடியே, "நமக்கு ஒத்துவருது" என்றார்.

நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருவர் கையிலேயே முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுவார்கள் என்ற இடம் வந்ததும், அம்மாவும் ஆன்ட்டியும் ஒரே மூச்சில், "அது எப்படி ஆவுறது?" என்று கேட்டார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் சேர்ந்து பேசிய முதல் வாக்கியம் அதுதான். மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் ஒரு பதவி வேண்டும் என்று அழுதேன். தாளில் வெஸ்டா என்ற அடுப்புத் தெய்வம் இருந்தது. அவள் கோயிலில் தீ அணையவே கூடாது. காவலுக்கு ஆறிலிருந்து பத்து வயதுக்குள் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். தீ அணைந்தால் சவுக்கடி. "பத்து வயசு. கணக்காப் பொருந்துது" என்று மாமா என் தலையில் துண்டைப் போர்த்தி நியமனம் செய்தார். கேஸை மூட மறந்தால் கவனித்துச் சொல் என்பதுதான் அவர் மனதில் இருந்த உத்தியோகம். என் மனதில் இருந்தது வேறு.

புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த வெள்ளி ரெண்டு பேருஞ் சேந்து ஒரே சமையலா ஆக்கணும். ஆவலன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, அவுக அவுக பொட்டியக் கட்டிக்கிடுங்க." அந்தச் சாப்பாட்டுக்குத் தன் அறைக்காரர்கள் ஆறு பேரையும் அழைத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேற்று ஆள் முன்னால் இரண்டு பேரும் சண்டை போட மாட்டார்கள் என்று கணித்திருந்தார்.

ஆட்சி மோசமாக நடந்தது. அம்மாவின் முறையில் அயிலை மீன் வந்தது. "கூடாதுங்க்கா" என்றாள் ஆன்ட்டி, வாசலில் நின்று சுவரைப் பார்த்து. ஆன்ட்டியின் முறையில் அரிசிம்பருப்புச் சோறு. "கூடாது" என்றாள் அம்மா, அதில் குற்றம் எதுவும் இல்லாமலே. ஒரு நாள் குழம்பு பாதி கொதிக்கும்போது நின்றது. கரண்டிகள் எல்லாம் கதவுக் கைப்பிடியில் தொங்கியதால் தயிர்சாதத்தை டம்ளரால் அள்ளிப் போட்டுக்கொண்டோம். அப்பாவும் அங்கிளும் கீழே மலையாளி கஃபெட்டேரியாவில் புரோட்டா தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு தனித்தனியாகப் படியேறி வந்தார்கள். ஆனாலும் ஒன்று நடந்தது. 'கூடாது' என்பதோடு நிற்காமல் ஏன் கூடாது என்பதும் பேச்சில் வர ஆரம்பித்தது. புதன்கிழமை ஆன்ட்டி, "மீனே வேண்டாங்கலீங்க்கா, என்ற சட்டிய மட்டும் தள்ளி வெச்சுக்குங்க" என்றாள். அம்மா, "அத அன்னிக்கே சொன்னா என்னவாம்" என்று முணுமுணுத்தாள்.

அதே புதன்கிழமை சாயங்காலம் நான் கடமையை ஆரம்பித்தேன். சின்ன பர்னரை ஏற்றி, மிகக் குறைவாக வைத்து, மேலே யாருக்கும் சொந்தமில்லாத பழைய கெட்டில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சும்மா எரியும் தீயை யாராவது அணைத்துவிடுவார்களே என்ற முன்யோசனை. தண்ணீர் குறையக் குறைய ஊற்றினேன்; படுக்கும் முன் வாய்வரை நிரப்பினேன். அம்மா பார்த்தாள், ஆன்ட்டியின் தீ என்று நினைத்துத் தொடவில்லை. ஆன்ட்டி பார்த்தாள், அம்மாவுடையது என்று நினைத்துத் தொடவில்லை. ஒருவர் ஏற்றிய பர்னரை மற்றவர் தொடக்கூடாது என்பது சட்டமாயிற்றே. வீட்டில் அதுவரை மதிக்கப்பட்ட ஒரே சட்டம் அது. புதன் ராத்திரி எரிந்தது, வியாழன் பகலும் ராத்திரியும் எரிந்தது. நான் பெருமையில் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு மாமா உள்ளே வந்து, ஒரு மணிக்கு ஆறு பேர் வருகிறார்கள் என்று குண்டைப் போட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ட்ரிப்யூனுக்குப் பாதுகாப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இருவரும் ஓடினார்கள். மாமா கெட்டிலை இறக்கிவைக்க, உலை வைத்தாயிற்று, பருப்பு வைத்தாயிற்று. இரண்டு தீயும் ஒருமுறை நீலமாக நிமிர்ந்து, சிணுங்கி, அணைந்தன.

ஆன்ட்டி திருகினாள், அம்மா திருகினாள், மாமா சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். வெறும் இரும்பு. ஜும்மா தொழுகை நேரம், கேஸ் கடை திறக்க இரண்டு மணிக்கு மேலாகும்.

"போன மாசந்தான மாத்துனோம்?" என்றாள் அம்மா.

நான் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு மூலையில் நின்று அழ ஆரம்பித்தேன். "நான் அணைக்கல. ரெண்டு ராத்திரி அணையாமப் பாத்துக்கிட்டேன். தானா அணைஞ்சிருச்சு. சவுக்கால அடிக்காதீங்க."

விஷயம் புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா ஆன்ட்டியைப் பார்த்தாள். "அது உன் கெட்டில் இல்லையா?"

"நீங்க வெச்சதுன்னுங் நெனச்சேன்."

"ரெண்டு நாளா கெட்டில்ல நான் என்னத்த ஆக்கப்போறேன்?"

"நானுங் அதத்தானுங்க்கா யோசிச்சேன். சரி, உங்கூர்ப் பக்கம் கருவாட்டுக்குக் கசாயம் வெப்பாங்களோ என்னமோன்னு."

அம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. விறுவிறுவென்று எங்கள் அறைக்குள் போனாள். ஆன்ட்டியும் அவள் அறைக்குள் போனாள். போயிற்று, இனி அவரவர் பெட்டிதான் என்று மாமாவின் முகம் சொன்னது.

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. அம்மாவின் கையில் ஒரு புது மின்சார அடுப்பு. ஆன்ட்டியின் கையில் ஒரு புது மின்சார அடுப்பு. இரண்டும் சிவப்பு. இரண்டிலும் ஒரே கடையின் மஞ்சள் ஸ்டிக்கர்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, இருவரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கூரையில் பல்லி தேடினார்.

"ஏல, ரூம்லயே ஆக்கிக்கிடலாம்னு எனக்கு வாங்கித் தந்தே. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன். சரி. இவளுக்கும் நீதானா?"

"அவுகளும் யாருகிட்டயும் சொல்லாதீகன்னாக. நான் சொல்லவே இல்லையேக்கா." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டா எடுத்தா ஒண்ணுக்கு வெல கொறச்சலாம்" என்றார்.

முதலில் சிரித்தது ஆன்ட்டி. அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா அடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டையும் செருகி மூட்டியதும் வீடு இருண்டது. மாமா மெயினைப் போட்டார். மறுபடியும் மூட்டினார்கள், மறுபடியும் விழுந்தது. இரண்டு அடுப்பை ஒன்றாகத் தாங்குகிற கட்டடம் இல்லை அது. அதன் பிறகு நடந்ததுதான் நிஜமான கான்சல் ஆட்சி. மாமா மெயின் பெட்டிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, உள்ளேயிருந்து குரல்கள் வந்தன. "அக்கா, நீங்க அணைங்க, நான் தாளிச்சுக்கறனுங்." "தாளி, தாளி. அந்தச் சூட்டோட என் சட்டிய வையி." "அப்ப உங்ற மீனுங்க்கா?" "இருந்துட்டுப் போட்டும், நீ பருப்பப் பாரு." கரண்டிக்கட்டின் ரப்பர் பேண்டை யார் அறுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஆறு பேர் வந்தார்கள். குளித்து, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வாசலில் செருப்பை வரிசையாக விட்டார்கள். தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. பருப்பில் மீன் வாடை லேசாக இருந்தது. ஆன்ட்டி அதை மோந்து பார்த்தாள், ஆனால் கவிழ்க்கவில்லை. அவர்களில் ஒருவர் மூன்றாவது முறை சோறு வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுச் சோறு சாப்பிட்டு ஒன்றர வருசம் ஆவுதுக்கா" என்றார். அதற்குப் பிறகு அம்மாவும் ஆன்ட்டியும் போட்டி போட்டுக்கொண்டு பரிமாறினார்கள். அப்பா மட்டும் ரோமாபுரி முறைப்படி சாய்ந்திருந்தார்.

எனக்குச் சவுக்கடி கிடைக்கவில்லை. "தீயக் காக்கச் சொன்னா ஊரையே எரிச்சிருவா போல" என்று மாமா கன்னத்தைக் கிள்ளியதோடு சரி. அங்கிள் பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குப் போன் செய்து, அறை வேண்டாம் என்று சொன்னார். ஊர்க் கட்சி தோற்றுவிட்டது என்று எனக்கு வருத்தம்.

அன்று சாயங்காலம் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். "இந்தா, வெட்டிக்கோ."

எனக்கு நம்ப முடியவில்லை. அவள் மாற்றிச் சொல்வதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால், சுவரைப் பார்த்திருந்த பக்கம் முழுக்க அம்மாவின் கையெழுத்து. தடித்த மார்க்கரில் என் பெயர், அம்மாவின் பெயர், எங்கள் ஊர் முகவரி, பின்கோடு வரை.

"ஏம்மா இதுல எழுதிக் கெடுத்து வச்சிருக்கே? தூணு இந்தப் பக்கந்தான் வரணும்."

"மேல தாள ஒட்டி மறைச்சிரு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

மறைத்தேன். ஒரு தாள் போதவில்லை, மை தெரிந்தது. இரண்டு தாள் ஒட்டினேன். அநியாயமாகப் பசை வீணாயிற்றே என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.